முத்துநகர் வானில் ஒரு குட்டி சுகோய்!

சித்திரை மாதத்து விடியற்காலை. மணி நாலே முக்கால். தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகும் சாலையில், முக்காணியில் தாமிரபரணிப் பாலத்தைத் தாண்டியதும் ஒரு டீக்கடை. பைக் ஒன்று வந்து நிற்கிறது. ஓட்டி வந்தவனுக்குப் பத்தொன்பது வயது, பாலிடெக்னிக் மாணவன். பின்னால் உட்கார்ந்திருப்பவர் அவனுடைய தாய்மாமன். அவர் மடியில் பழைய கைலி சுற்றிய நீளமான ஒரு பொட்டலம். பிறந்த குழந்தையைப் பிடிப்பதுபோல இரண்டு கையாலும் பிடித்திருக்கிறார். கைலி விலகிய இடத்தில் சாம்பல் நிறத்தில் கூரான மூக்கு எட்டிப் பார்க்கிறது.

"என்ன அண்ணாச்சி, ராக்கெட்டா? குலசைக்கா கொண்டு போறிய?" என்கிறார் டீ மாஸ்டர்.

குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28 அன்று அடிக்கல் நாட்டினாலும் நாட்டினார்கள், இந்தப் பக்கத்தில் கூர்மையாக எதைக் கொண்டு போனாலும் ராக்கெட்தான்.

"ராக்கெட் இல்ல, ஏரோப்ளேன். மருமவன் செஞ்சது. இன்னைக்குத்தான் பறக்க விடப் போறோம்" என்கிறார் மாமா. குரலில் பெருமை பாதி, பயம் பாதி. பயத்துக்குக் காரணம் இருக்கிறது. இது மருமகன் செய்த மூன்றாவது விமானம். முதல் இரண்டும் இப்போது உயிரோடு இல்லை!

பொட்டலத்துக்குள் இருப்பது சுகோய்-30 போர் விமானத்தின் சின்ன மாதிரி. நிஜ சுகோய் நமக்குத் தூரத்துச் சொந்தம் இல்லை. தஞ்சாவூர் விமானப்படைத் தளத்தில் 2020 ஜனவரி 20 முதல் '222-வது படைப்பிரிவு' இந்த விமானங்களோடு இயங்குகிறது. 'டைகர் ஷார்க்ஸ்' என்று பெயர். பிரமோஸ் ஏவுகணையைச் சுமந்துகொண்டு இந்தியப் பெருங்கடல் பக்கம் காவல் பார்ப்பது அதன் வேலைகளில் ஒன்று. மன்னார் வளைகுடாவில் மீன் பிடிக்கிறவர்களுக்கு அது பக்கத்து ஊர்க் காவல்காரன் மாதிரி. கடற்கரைப் பையன் ஒருவன் மாதிரி விமானம் செய்ய நினைத்தால், அமெரிக்க விமானத்தை விட்டுவிட்டு சுகோயைப் பிடித்ததில் நியாயம் இருக்கிறது.

நிஜ விமானத்தின் இறக்கை விரிவு 14.7 மீட்டர், நீளம் ஏறத்தாழ 22 மீட்டர். இவன் அதை 21-ல் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறான். இறக்கை 70 சென்டிமீட்டர், நீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் மேலே. நிஜ சுகோய் முழுச் சுமையோடு 38 டன்னுக்கு மேல் எடை காட்டும். இது 630 கிராம். முக்கால் கிலோ மீன்கூட இல்லை.

பனிமய மாதா கோயிலுக்குப் பின்னால் இருக்கிற தெருக்களில் ஒன்றில், மொட்டை மாடித் தகரக் கொட்டகைதான் இவனுடைய விமானத் தொழிற்சாலை. இறக்கையும் உடம்பும் 5 மில்லிமீட்டர் ஃபோம் ஷீட். விளம்பரப் பலகைக் கடைகளில் கிடைக்கும் கனமான பலகையில் செய்தது முதல் விமானம். அதன் எடையே அதற்கு எமன். ஆகவே இந்த முறை இலேசான ஷீட். மூக்குப் பகுதிக்கு மீன் ஏற்றுமதிப் பெட்டியின் தெர்மாகோல். பிளேடால் செதுக்கி உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் அழகாக வளைந்து வரும். தேய்க்கத் தேய்க்க மீன் வாடை வரும் என்பது வேறு விஷயம். இறக்கை மடங்காமல் இருக்க உள்ளே மூங்கில் குச்சி. ஒட்டுவதற்குச் சூடான பசைத் துப்பாக்கி.

மின்சார விமானம் என்றதும் பலருக்கும் திருவிழாக் கடைப் பொம்மை ஞாபகம் வரும். இது அந்த ரகம் இல்லை. பின்பக்கம் உடம்பில் ஒரு துவாரம் வெட்டி, அதற்குள் தேங்காய்ச் சில்லு அளவே உள்ள பிரஷ்லெஸ் மோட்டாரும் ஆறு அங்குல ப்ரொப்பெல்லரும் வைத்திருக்கிறான். மோட்டார் மேல் '2200 கே.வி.' என்று எழுதியிருக்கும். ஒரு வோல்ட் கொடுத்தால், சுமை எதுவும் இல்லாதபோது நிமிடத்துக்கு 2,200 சுற்று என்று அர்த்தம். பேட்டரி 11.1 வோல்ட். பெருக்கிப் பாருங்கள்... நிமிடத்துக்கு 24,000 சுற்றுக்கு மேல்! ப்ரொப்பெல்லரை மாட்டியதும் இது குறையும். குறைந்தாலும் விரலை வைத்தால் விரல் போய்விடும். மோட்டாரைச் சோதிக்கும்போது ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டுத்தான் சோதிக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் இது ரொம்ப முக்கியம்.

வாலில் இரண்டு மட்டத் தகடுகள். அவற்றை அசைக்க ஒன்பது கிராம் சர்வோ மோட்டார்கள் இரண்டு. இரண்டு தகடுகளும் சேர்ந்து மேலே போனால் மூக்கு ஏறும். ஒன்று மேலே, ஒன்று கீழே போனால் விமானம் உருளும். அவ்வளவுதான் இந்த சுகோயின் மொத்த சூட்சுமம்.

எல்லாவற்றையும் சேர்த்தால் செலவு பத்தாயிரம் ரூபாயைத் தொடும். அதில் பாதி கையில் பிடிக்கும் ட்ரான்ஸ்மிட்டருக்கு. விமானம் விழுந்தாலும் அது மிஞ்சும் என்பதுதான் ஆறுதல். மற்ற பாதியை ஞாயிற்றுக்கிழமைகளில் ஃப்ளெக்ஸ் கடையில் வேலை பார்த்துச் சேர்த்தான். "இதுவும் போச்சுன்னா இனி கேக்க மாட்டேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேட்டரி வாங்கினான். அந்த வார்த்தைதான் இன்று காலை பைக்கில் அவனோடு சேர்ந்து வந்திருக்கிறது.

இந்தப் பைத்தியம் தூத்துக்குடியில் மட்டும் இல்லை. மின்சாரத்தில், ரேடியோ கட்டுப்பாட்டில் பறந்த முதல் மாதிரி விமானம் என்று பதிவானது, 1957 ஜூன் 30 அன்று இங்கிலாந்தில் கர்னல் டாப்ளின் பறக்கவிட்ட 'ரேடியோ குயின்'. வெள்ளி-துத்தநாக பேட்டரியில் அது பறந்தது. நம் ஊரில் இதைப் பிரபலமாக்கியவர் என்றால் நடிகர் அஜித்தைச் சொல்ல வேண்டும். குரோம்பேட்டை எம்.ஐ.டி. மாணவர்களின் 'தக்ஷா' அணிக்கு அவர் ஆலோசகராக இருந்தார். அந்த அணி 2018-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாம் இடம் பிடித்தது. அதன் பிறகுதான் பல வீடுகளில், "விமானம் செய்யப் போறேன்" என்று பையன் சொன்னால் அம்மாக்கள் உடனே கரண்டியைத் தூக்குவதில்லை.

எங்கேதான் பறக்க விடுவது?

செய்வதுகூடப் பெரிய விஷயம் இல்லை. இந்தக் கடற்கரையில் பறக்க விட இடம் தேடுவதுதான் பெரும்பாடு. வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். 'கண்ணுக்கு எட்டின வரைக்கும் தட்டையான பூமி, உப்பளம், கடற்கரை... இங்கேயா இடம் இல்லை?'

முதலில் துறைமுகம். வ.உ.சி. பெயரில் இருக்கும் இந்தத் துறைமுகம் 1974-ல் பெருந்துறைமுகம் ஆனது. அலையைத் தடுக்க இரண்டு கல் சுவர்கள் கடலுக்குள் தலா 4 கிலோமீட்டர் அளவுக்கு நீண்டு கிடக்கின்றன. விமானம் ஓட்டுகிறவன் கண்ணுக்கு அது ஓடுபாதை போலத் தெரியும். ஆனால் மத்திய தொழில் பாதுகாப்புப் படையின் காவல் உள்ள இடம். போர் விமான பொம்மையோடு அந்தப் பக்கம் போனால் என்ன கேட்பார்கள் என்று விளக்க வேண்டியதில்லை. பக்கத்திலேயே 1,050 மெகாவாட் அனல் மின் நிலையம். முயல் தீவுப் பக்கம் போகலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குடும்பங்கள். பிள்ளைகள் ஓடி விளையாடும் இடத்தில் ப்ரொப்பெல்லர் சுழற்றுவது பாவம்.

கடலுக்குள் இருக்கும் தீவுகளோ, தூத்துக்குடியிலிருந்து ராமேஸ்வரம் வரை இருபத்தொன்றும் மன்னார் வளைகுடா கடல் தேசியப் பூங்காவைச் சேர்ந்தவை. தெற்கே மணப்பாடு மணல்மேடு இருக்கிறது. காற்றுக்குக் குறைவே இல்லை. அந்தக் காற்றை நம்பித்தான் பாய்ப்பலகை விளையாட்டுக்காரர்கள் அங்கே வருகிறார்கள். ஆனால் அவர்களுக்கு வேண்டிய காற்று, 630 கிராம் விமானத்துக்கு வேண்டாத காற்று. அந்தப் பக்கம்தான் குலசை ஏவுதளப் பணி நடக்கும் இடம். அந்தப் பேச்சே வேண்டாம்.

மேற்கே வாகைக்குளம் விமான நிலையம். 2025 ஜூலையில் புது முனையம் திறந்த பிறகு அங்கே இன்னும் மும்முரம். ஆளில்லா விமானங்களுக்கான 2021-ம் ஆண்டு விதிகள் நாட்டின் வரைபடத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்துவிட்டன. விமான நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டர் சிவப்பு. அதைத் தாண்டியதும் மஞ்சள். அங்கே முன் அனுமதி வேண்டும். பச்சைப் பகுதியில்தான் 400 அடி, அதாவது 120 மீட்டர் உயரம் வரை தனி அனுமதி இல்லாமல் பறக்கலாம். பொழுதுபோக்கு மாதிரி விமானம் என்றால் அதுவும் கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள்தான். 'டிஜிட்டல் ஸ்கை' தளத்தில் இந்த வரைபடத்தை மொபைலிலேயே பார்க்கலாம். பெரிய தலைவர்கள் வரும் நாள்களில் மாவட்ட நிர்வாகம் தனியாகத் தடை போடும். அதையும் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

இதில் ஒரு வேடிக்கை. இதே முத்துக்குளித்துறைக் கடலோரத்தில் வடக்கே போனால், ராமநாதபுரம் உச்சிப்புளியில் கடற்படையின் விமானத் தளம் இருக்கிறது. 2009 முதல் அதன் பெயர் 'ஐ.என்.எஸ். பருந்து'. அழகான தமிழ்ப் பெயர். அங்கிருந்து பறப்பவற்றில் ஆளில்லாத 'ஹெரான்', 'சர்ச்சர்' கண்காணிப்பு விமானங்கள் உண்டு. தரையில் உட்கார்ந்து ஓட்டுகிறார்கள். ஹெரானின் இறக்கை விரிவு 16 மீட்டருக்கு மேல். நிஜ சுகோயைவிட அகலம். ரிமோட்டில் விமானம் ஓட்டுவது இந்தக் கடற்கரைக்குப் புதுசே இல்லை!

மிஞ்சியது உப்பளம். முதல் விமானத்தை முள்ளக்காடு பக்கம்தான் பறக்க விட்டான். தெரிந்தவர்களின் உப்பளம், கேட்டுக்கொண்டுதான் போனான். ஆனால் உப்பளத்தில் யாரும் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. வெயிலுக்குப் பயந்து இருட்டிலேயே வேலைக்கு வந்துவிடுகிறார்கள் பெண்கள். அவர்களை விட்டு விலகி, தூரத்துப் பாத்தி ஒன்றின் மேல் பறக்கவிட்டான். கனமான விமானம் இருபது விநாடி தள்ளாடிவிட்டு நேராக உப்புத் தண்ணீரில் மூக்கைக் குத்தியது. கடல் தண்ணீரைவிடப் பல மடங்கு உப்பு ஏறிய தண்ணீர். அதில் நனைந்த எலக்ட்ரானிக்ஸ் திரும்ப வேலை செய்ததாகச் சரித்திரம் இல்லை. உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா ஒருவர் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதை எடுத்துக் கொடுத்து, "அழாத தம்பி, உப்புல விழுந்தது கெடாது" என்றாராம். மீனுக்கு அது சரி.

இரண்டாவது விமானம் எடை சரி, இடம் சரி, காற்று தப்பு. ஆனி மாதம். கச்சான் காற்று மேற்கே இருந்து அடித்துத் தள்ளும் காலம். கயத்தாறு பக்கத்துக் காற்றாலைகளுக்குக் கொண்டாட்டமான காற்று அது. விமானம் ஏறியது, திரும்பியது, காற்றோடு போனது... போனதுதான். பனங்காட்டுக்கு அப்பால் எங்கோ விழுந்தது. மூன்று நாள் தேடியும் கிடைக்கவில்லை.

அப்போதுதான் மாமா உள்ளே வந்தார். "எந்த மாசத்துல எந்தக் காத்துன்னு தெரியாமலா ஏரோப்ளேன் விட்ட? வாடை, கொண்டல், கச்சான், சோழகம்னு நாலையும் படிச்சிட்டு வா. பெறவு இன்னொண்ணு செய்யி."

மாமா முப்பது வருடம் சங்கு குளித்தவர். காது கொஞ்சம் மந்தம், ஆழத்தின் சம்பளம். அவருடைய அப்பா முத்துக் குளித்தவர். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் அரசு முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். பிறகு சிப்பிகள் அந்த அளவுக்கு விளையவில்லை. 1973-ல் இதே ஊரில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தினர் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். ஆனாலும் முத்துச் சிப்பிக்காக நூற்றுக்கணக்கான தோணிகள் ஒன்றாகக் கடலில் இறங்கிய காட்சி திரும்பவில்லை. போகிற வழியில் இருக்கும் பழையகாயல் அப்போதே உலகத்துக்குத் தெரிந்த ஊர். மார்கோ போலோ அதைக் 'காயல்' என்று எழுதி வைத்திருக்கிறார். இன்றைக்கு அந்த ஊரைத் தாண்டும்போது டிரைவர்கள் ஹார்ன் அடிப்பதோடு சரி.

முத்துக்குளிப்பை எப்போது நடத்தினார்கள் என்பதுதான் இங்கே விஷயம். வாடை ஓய்ந்து, கச்சான் தொடங்குவதற்கு முன்னால் கடல் கண்ணாடி மாதிரி அடங்கிக் கிடக்கும் மார்ச், ஏப்ரல் மாதங்களில். பங்குனி, சித்திரை. "மூச்சடக்கி எறங்குறவனுக்கு வேண்டிய அமைதிதான் ஒன் ஏரோப்ளேனுக்கும் வேணும்" என்று மாமா நாள் குறித்துக் கொடுத்தார். அதற்கு ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டியிருந்தது. பத்தொன்பது வயதுக்கு ஒன்பது மாதம் ஓர் ஆயுள். ஆனால் காத்திருந்தான்.

ஈயக்குண்டும் மச்சான் கயிறும்

திருச்செந்தூர் தாண்டி சாத்தான்குளம் பாதையில் திரும்பினால் பூமியின் நிறம் மாறிவிடும். செக்கச் செவேல் என்ற தேரி மணல். குதிரைமொழித் தேரி காப்புக்காடு என்பதால் அதற்குள் போகவில்லை. அதற்கு வெளியே, ஊர் அனுமதி கேட்டு வாங்கி வைத்திருந்த ஒரு குளம். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கும். சித்திரையில் வறண்டு, கரம்பை மண் வெடித்து, தட்டையாகக் கிடக்கிறது. சுற்றிலும் பனைமரங்கள். மேலே கம்பிகள் எதுவும் இல்லை. மாட்டைப் பத்திக்கொண்டு போகிறவர்கள் எட்டு மணிக்கு மேல்தான் வருவார்கள்.

மணி ஆறு. கிழக்கே வெளுக்கிறது. ஒரு ஓலைகூட அசையவில்லை. மாமா ஒரு பிடி தூசியை அள்ளி விட்டுப் பார்க்கிறார். நேராகக் கீழே விழுகிறது.

முதல் வேலை, எடை சமமாக நிற்கும் புள்ளியைப் பார்ப்பது. மாதிரி விமானக்காரர்களுக்கு இது வேதம். மூக்குக் கனத்தால் விமானம் சோம்பேறியாகப் பறக்கும். வால் கனத்தால் ஒரே ஒரு தடவைதான் பறக்கும். மருமகன் இறக்கையின் அடியில் குறித்து வைத்த இரண்டு புள்ளிகளில் விரல் வைத்துத் தூக்கச் சொன்னான். மாமா தூக்கினார். வால் இறங்கியது.

"அமரம் கனக்கு மாப்ள. அணியத்துல பாரம் பத்தல."

தோணியின் முன்பக்கம் அணியம், பின்பக்கம் அமரம். சரக்கை அமரத்தில் அதிகம் ஏற்றினால் தோணி சொன்ன பேச்சு கேட்காது என்பது அவர் வாழ்க்கையில் கற்றது. இவன் அதை வீடியோவில் கற்றான். மாமா இடுப்பு மடிப்பை அவிழ்த்து, வலைக்குக் கட்டும் ஈயக்குண்டுகள் நாலைந்தை எடுத்தார். வீட்டிலிருந்து வரும்போதே கொண்டு வந்திருக்கிறார்! ஒவ்வொன்றாக மூக்குக்குள் வைத்து, மூன்றாவது குண்டில் விமானம் விரல்களின் மேல் மட்டமாக நின்றது. பேட்டரியைக் கொஞ்சம் முன்னால் தள்ளியிருந்தாலும் இது சரியாகியிருக்கும் என்பது பிற்பாடு மருமகனுக்குத் தோன்றியது. ஆனால் மாமாவின் குண்டை வேண்டாம் என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

இந்த விமானத்துக்குச் சக்கரம் கிடையாது. ஒருவர் கையால் எறிய வேண்டும், இன்னொருவர் ஓட்ட வேண்டும். எறிகிறவர் வயிற்றுப் பக்கம், ப்ரொப்பெல்லருக்கு நன்றாக முன்னால் பிடித்து, மட்டமாக எறிய வேண்டும். அண்ணாந்து எறிந்தால் வேகம் செத்து விழும். கையை விட்ட பிறகுதான் மோட்டாருக்கு முழு வேகம் கொடுக்க வேண்டும். மாமா எறிவதற்குத் தயாராக வந்து நின்றுவிட்டு ஒரு கேள்வி கேட்டார்.

"கயிறு இழுத்துப் பாத்தியா?"

மருமகனுக்குப் புரியவில்லை. மாமா சொன்னார். முத்துக் குளிக்கிறவன் கல்லும் கயிறுமாக இறங்குவான். ஒரு நிமிடம், அதற்குக் கொஞ்சம் கூட. மூச்சு முட்டினால் கயிற்றை இழுப்பான். மேலே தோணியில் இருக்கிறவன் உடனே தூக்க வேண்டும். கொஞ்சம் அசந்தால் பிணம்தான் மேலே வரும். ஆகவே கயிறு பிடிக்க மச்சானை, அதாவது பெண்டாட்டியின் அண்ணன் தம்பியைத்தான் நிறுத்துவார்கள் என்று இந்தக் கடற்கரையில் சொல்வார்கள். தன் அக்கா தங்கை தாலி அறுக்க எவனும் சம்மதிக்க மாட்டான் இல்லையா? மலையேறப் போனாலும் மச்சான் துணை வேண்டும் என்கிற பேச்சுக்கு இங்கே தனி அர்த்தம். சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் சொல்லும் 'கடல்கட்டி' ஆள்கூட அந்தக் காலத்தில் கரையில் இருந்தார். ஆனால் மந்திரக்காரர் இருந்தாலும், இறங்குவதற்கு முன் கயிற்றை ஒரு தடவை இழுத்துப் பார்க்காமல் யாரும் இறங்க மாட்டார்கள்.

"ஒன் ஏரோப்ளேனுக்குக் கயிறு எது?"

கையில் இருக்கும் ட்ரான்ஸ்மிட்டரிலிருந்து 2.4 கிகாஹெர்ட்ஸில் போகும் ரேடியோ அலைதான் கயிறு. கண்ணுக்குத் தெரியாத கயிறு. மருமகன் முதலில் குச்சிகளை அசைத்துக் காட்டினான். வலப்பக்கம் தள்ளினால் வாலின் வலத் தகடு மேலே ஏறுகிறதா? ஏறியது. (இது தலைகீழாக இருந்து முதல் பறப்பிலேயே உடைந்த விமானங்கள் உலகம் முழுக்க உண்டு.) பிறகு முப்பது தப்படி நடந்து போய், அலையின் வலுவைக் குறைத்துச் சோதித்தான். தகடுகள் பேச்சுக் கேட்டன.

"கயிறு அறுந்தா?"

ட்ரான்ஸ்மிட்டர் அணைந்தாலோ அலை போய்ச் சேராவிட்டாலோ, மோட்டார் தானாக நிற்க வேண்டும். 'ஃபெயில்சேஃப்' என்பார்கள். ப்ரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, மோட்டாரைப் பாதி வேகத்தில் ஓடவிட்டு, ட்ரான்ஸ்மிட்டரை அணைத்தான்.

மோட்டார் நிற்கவில்லை. பாட்டுக்கு ஓடிக்கொண்டே இருந்தது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சில ட்ரான்ஸ்மிட்டர்களில் இந்த ஏற்பாட்டை நாமேதான் போய் மெனுவில் பதிய வேண்டும். பதியாவிட்டால், அலை அறுந்த நொடியில் கடைசியாகச் சொன்ன கட்டளையையே விமானம் பிடித்துக்கொள்ளும். முழு வேகம் என்றால் முழு வேகம். இரண்டாவது விமானம் பனங்காட்டைத் தாண்டிப் போனதற்குக் கச்சான் மட்டும்தான் காரணமா என்ற சந்தேகம் மருமகனுக்கு அப்போதுதான் வந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு மெனுவைத் திறந்தான். பதிந்தான். திரும்ப அணைத்தான். மோட்டார் சட்டென்று நின்றது. இன்னொரு தடவை. நின்றது.

"இப்ப சரி" என்றார் மாமா.

மணி ஆறரை. காற்று இன்னும் எழவில்லை. மாமா விமானத்தைத் தலைக்கு மேல் தூக்கினார். மூன்று எட்டு வைத்து, வலை வீசுகிற கையால் மட்டமாக விட்டார்.

விமானம் இடுப்பு உயரத்துக்கு இறங்கியது. மோட்டார் வீறிட்டது. இந்த மாதிரி வேகமான மோட்டார் ஒரு பக்கம் சுற்றும்போது விமானம் எதிர்ப்பக்கம் புரளப் பார்க்கும். இதுவும் பார்த்தது. இடது இறக்கை நுனி தரையை உரசுகிற மாதிரி போனபோது மாமா கண்ணை மூடிக்கொண்டார். மருமகன் குச்சியை வலப்பக்கம் ஒரு நூல் தள்ளினான். இறக்கை நிமிர்ந்தது. மூக்கு ஏறியது. பனை உயரம். அதற்கும் மேலே.

முதல் ஒரு நிமிடம் அது பறந்தது என்பதைவிட, விழாமல் இருந்தது என்று சொல்லலாம். மூக்கு கொஞ்சம் கீழே இழுத்தது. ஈயக்குண்டில் ஒன்று அதிகம்! ட்ரிம் பொத்தானை நாலு தடவை தட்டியதும் மட்டமானது. அதற்குப் பிறகு சுகோய் சுகோயாகப் பறந்தது. குளத்துக்கு மேல் பெரிய வட்டம். வெயில் பட்டு இரட்டை வால் பளபளத்தது. மைனாக்கள் பனையிலிருந்து கிளம்பி ஓடின.

நாலாவது நிமிடத்தில் ஒரு சோதனை. கிழக்கே திரும்பிய விமானம் சூரியனுக்கு நேராகப் போய், கறுப்பு நிழலாக மட்டும் தெரிந்தது. தட்டையான, சாம்பல் நிற விமானத்தில் எது மேல்பக்கம், எது கீழ்ப்பக்கம், வருகிறதா போகிறதா... எதுவும் புரியாது. மாதிரி விமானங்கள் விழுவதற்கு இது பெரிய காரணம். மருமகன் கை நடுங்கியது. அவன் செய்தது சரியான காரியம்: எதையும் செய்யவில்லை. குச்சிகளை நடுவில் விட்டான். இரண்டு விநாடி. விமானம் தானாகச் சூரியனை விட்டு வெளியே வந்தது. அடுத்த தடவை இறக்கையின் அடியில் சிவப்புப் பட்டை ஒட்ட வேண்டும் என்று மனசுக்குள் குறித்துக்கொண்டான்.

இந்த பேட்டரிக்கு ஆறேழு நிமிடம்தான் ஆயுசு. முழுக்கக் காலி செய்தாலும் கெட்டுப்போகும். வீட்டில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போவதும் ஆபத்து. அடிபட்ட, உப்பிய லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கும். ஆறாவது நிமிடத்தில் மருமகன் இறக்கத் தொடங்கினான். மோட்டார் அடங்கியது. சத்தம் இல்லாமல், மூக்கை லேசாகத் தூக்கிக்கொண்டு, வெடித்த கரம்பையைத் தாண்டிக் கரையோரச் செம்மணலில் வயிறு உரச வழுக்கி நின்றது.

மாமா ஓடினார். அறுபது வயதுக்காரர் அப்படி ஓடி மருமகன் பார்த்ததில்லை. மூக்கில் ஒரு விரிசல். வேறு சேதம் இல்லை. ஆனால் மோட்டாரைச் சுற்றினால் 'கரகர' என்றது. உள்ளே கறுப்பாகப் பொடி ஒட்டியிருந்தது. இந்தக் கரையின் மணலில் இருக்கும் கருமணல் காந்தத்தைக் கண்டால் விடாது. பிரஷ்லெஸ் மோட்டாருக்குள் இருப்பது வலுவான காந்தம். ஊதினால் போகாது. செலோ டேப்பை மடித்து ஒட்டி ஒட்டி எடுக்க வேண்டும். சிப்பிக்குள் முத்தைத் தடவிப் பார்க்கும் பொறுமையோடு மாமா குந்தி உட்கார்ந்து அந்த வேலையைச் செய்தார். மருமகன் அம்மாவுக்கு போன் போட்டான்.

"எம்மா... விழலம்மா. ஆமா. எறக்கிட்டேன். மாமாதான் எறிஞ்சாவ."

அன்றைக்கு இன்னும் இரண்டு முறை பறந்தது. மூன்றாவது முறை, உயரத்தில் விமானம் நிதானமாகப் போய்க்கொண்டிருந்தபோது, "பிடிங்க மாமா" என்று ட்ரான்ஸ்மிட்டரை நீட்டினான். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அது என் வேலை இல்லை என்கிற மாதிரி தலையை ஆட்டிவிட்டு, விமானத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் நின்றார். ஏழே முக்காலுக்குப் பனையோலைகள் மெல்லச் சலசலத்தன. "கொண்டல் எழும்பிட்டு. போதும், எறக்கு" என்றார்.

திரும்பும்போது அதே டீக்கடை. மடியில் கைலிப் பொட்டலம். மூக்கு மட்டும் இப்போது கொஞ்சம் நசுங்கியிருக்கிறது.

"என்ன அண்ணாச்சி, ராக்கெட் போச்சா?"

"போச்சு, வந்துட்டு" என்றார் மாமா. "ரெண்டு டீ போடுங்க. ஒண்ணுல சீனி கொறச்சு."